பேனரில் இடம் இல்லை

ஜூலை 6

முழங்கால்: படி இறங்கும்போது மட்டும் வலி.

இந்த நோட்டை வாங்கச் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். தினமும் என்ன பயிற்சி செய்தேன், எங்கே வலித்தது என்று எழுத வேண்டுமாம். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் முழங்காலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அது பாட்டுக்கு இருக்கிறது. அதனால் மிச்சப் பக்கத்தில் என் கதையை எழுதுகிறேன். அந்த மனுஷர் கேட்டால் முதல் வரியை மட்டும் காட்டுவேன்.

இன்று லீக்கின் கடைசி மேட்ச். எங்கள் பேசின் பாய்ஸ் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தது. அதில் இரண்டு கோல் சோமு போட்டது. சோமு என்றால் சோமசுந்தரம் இல்லை, சோம்டோ. நைஜீரியாவில் ஆபா என்கிற ஊர்க்காரன், இருபத்தொரு வயது. வியாசர்பாடி வாய்க்குள் சோம்டோ நுழையவில்லை, வந்த வாரமே சோமு ஆக்கிவிட்டார்கள். இப்போது யாராவது சோம்டோ என்று கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது கோல் இடது காலால் போட்டது. கோல்கீப்பர் நகரக்கூட இல்லை. நானும் இடது கால் ஆட்டக்காரி. பெண்கள் ஸ்டேட் டீமில் விங்கில் ஓடிக்கொண்டிருந்தபோது இப்படி ஒன்று போட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன்! தேசிய முகாமுக்குத் தேர்வான வாரம் முழங்கால் போயிற்று. இப்போது பகலில் பெரம்பூரில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை. சாயங்காலம் கிளப்பில் ஜெர்சி, பந்து, தண்ணீர் கேன் எல்லாம் என் பொறுப்பு.

மேட்ச் முடிந்து ஜெர்சிகளை மெஷினில் போட்டேன். சோமுவின் பதினொன்றாம் நம்பரை மட்டும் கையால் துவைத்தேன். அதில்தான் சேறு அதிகம்.

கேலரியில் தொப்பி போட்ட ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். எங்கள் செயலாளர் லாரன்ஸ் சார் அவருக்கு ஓடி ஓடி டீ வாங்கிக் கொடுத்தார். யாரோ என்னவோ.

ஜூலை 9

முழங்கால்: பரவாயில்லை.

கடையில் ஒரு காதுகுத்து பேனர் செய்துகொண்டிருந்தேன். தாய்மாமன், பெரியப்பா, நண்பர்கள் என்று மொத்தம் நாற்பத்திரண்டு மூஞ்சி. ஒன்றை விட்டாலும் குடும்பத்தில் வெட்டுக்குத்து நடக்கும். எத்தனை மூஞ்சி கொடுத்தாலும் ஒரு பேனருக்குள் அடைக்கிற வித்தை எனக்குத் தூக்கத்திலும் வரும், எங்கள் ஓனரே சொல்வார்.

சோமு மூச்சிரைக்க ஓடிவந்தான். "வினோ! கோவா கூப்ட்டாங்க பா! கோவா!" அந்தத் தொப்பிக்காரர் கோவாவில் ஒரு பெரிய கிளப்பின் ஆளாம். ஆகஸ்ட் கடைசிக்குள் பதிவு முடிய வேண்டும். முடிந்தால் இந்த சீசனே தேசிய லீக்கில் ஆடுவான்.

கடைக்குள்ளேயே நின்றுகொண்டு அவன் அம்மாவுக்கு வீடியோ போட்டான். ஆபாவில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிற அம்மா. சோமுவுக்குப் பதினெட்டு வயதில் ஒரு ஏஜெண்ட் வந்து, இந்தியாவில் பெரிய கிளப் என்று ஆசை காட்டி, அந்த அம்மாவின் இரண்டு தையல் மெஷினில் ஒன்றை விற்க வைத்தான். இவன் சென்னையில் வந்து இறங்கினால், கையில் இருந்த கடிதம் போலி, ஏஜெண்ட் போன் ஸ்விட்ச் ஆஃப். கேரளாவில் ஏழு ஏழு பேராக ஆடுகிற செவன்ஸ் ஆடப் போனான். ஊருக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு ஜெர்சி, ஆட்டம் முடிந்தால் கையில் கொடுப்பதுதான் கூலி. அங்கே ஒரு திடலில் இவனைப் பார்த்து லாரன்ஸ் சார் கூட்டிவந்து மூன்று வருட ஒப்பந்தம் போட்டார். அதில் இன்னும் ஒரு வருடம் பாக்கி.

வீடியோவில் அந்த அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று ஆடினாள். நானும் கைதட்டினேன். எனக்கு ரொம்ப சந்தோஷம். நிஜமாகவே ரொம்ப சந்தோஷம்.

ஜூலை 10

"ஏண்டி மூஞ்சி தொங்கிக் கெடக்கு?" என்று அம்மா கேட்டாள். வெயில் என்றேன். நாள் முழுக்க மழை பெய்திருக்கிறது.

ஜூலை 13

கிளப் அறையில் கூட்டம். தலைவர் பக்தவச்சலம் வந்திருந்தார். காசிமேட்டில் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். பந்து வாங்குவதில் இருந்து சோமுவின் விசா வரைக்கும் எல்லாம் அவர் கைக்காசு. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

"இன்னாடா சோமு, பறக்கப் போறியா?" என்றார்.

சோமு தரையைப் பார்த்துக்கொண்டு, "நீ சொன்னா போறேன் சார். நீ வேணாம் சொன்னா போ மாட்டேன்" என்றான். தலைவரை இந்த ஊரில் நீ போட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவன்தான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வருசம் கான்ட்ராக்ட் பாக்கி கீது. இருந்தாலும் பெரிய எடத்துக்குப் போற புள்ளைய நான் புடிச்சு வெச்சுக்குவனா? இருபத்திரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழம விழா வெக்கிறேன். மேளம் அடிச்சு, மாலை போட்டு, என் கையால ரிலீஸ் லெட்டர் குடுத்து அனுப்புறேன். வினோ, பேனரு நான் சொல்றப்ப போடு. புதுசா ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், அனுப்புறேன்."

லாரன்ஸ் சார் எழுந்து, "அதுவரைக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது. கான்ட்ராக்ட்ல இருக்கற புள்ளைய அவங்க இழுத்துட்டாங்கன்னு பேச்சு கெளம்பிச்சுன்னா கோவாக்காரன் பயந்துடுவான். ஸ்டேட்டஸ் வெக்கிறது, பேனர் போடுறது, ஒண்ணும் கூடாது. சொல்லிட்டேன்" என்றார்.

நான் அப்போது மூலையில் ஜெர்சி மடித்துக்கொண்டிருந்தேன். எதுவும் சரியாகக் காதில் விழவில்லை.

ஜூலை 14

தலைவர் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளைச் சட்டை, தலைக்குப் புதுசாக டை. கைகட்டி நிற்கிறார். கல்யாண மாப்பிள்ளை தோற்றான் போ.

ஜூலை 17

முழங்கால்: இன்று மெதுவாக ஓடினேன். வலி இல்லை.

சாயங்காலம் கிரவுண்டில் யாரும் இல்லை. சோமு பந்தை மெதுவாக உருட்டிவிட, நான் இடது காலால் திருப்பி அடித்தேன். பத்து தடவை, இருபது தடவை. "ஸோக்கா கீது வினோ, ஸோக்கா கீது" என்று கத்திக்கொண்டே இருந்தான். பசங்களோடு சேர்ந்து கற்ற தமிழ் அப்படித்தான் வரும்.

அப்புறம் கோல்போஸ்ட்டில் சாய்ந்து உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். கோவா போனால் எப்போது வருவாய் என்று கேட்டேன். யோசித்தான். "தெரியல பா. கோவா நல்லா ஆடினா, அப்புறம் வேற ஊர். பெரிய ஊர்." கடலைத் தோலை ஊதிவிட்டு என் தோளில் கை போட்டான். "ஆனா நான் உன்ன மறக்க மாட்டேன் வினோ. இந்த ஊர்ல எல்லாரும் ஃபிரெண்டு. நீ மட்டும் என் பிரதர்."

பிரதராம்! தங்கை என்றுகூட இல்லை. சிரித்தேன். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

ஜூலை 18

கடையில் வேலை குறைவு. சோமுவுக்கு ஒரு பேனர் செய்தேன்.

பத்தடிக்கு எட்டடி. நடுவில் சோமு, இரண்டு கையையும் விரித்துச் சிரிக்கிற படம். எங்கள் ஜெர்சியை எடுத்துவிட்டு கோவா கிளப்பின் ஜெர்சியை ஒட்டினேன். கழுத்து மடிப்பு, வியர்வை ஈரம் வரைக்கும் அச்சு அசலாக வந்தது. தலைக்கு மேலே: 'கோவா கிளப்பில் ஒப்பந்தமாகி வெற்றி வாகை சூடச் செல்லும் வியாசை மண்ணின் மைந்தனே, வருக வருக, வென்று வருக!' ஆபாக்காரன் வியாசர்பாடி மண்ணின் மைந்தன். எனக்கே சிரிப்பு வந்தது.

கீழே 'இவண்' போட்டு டீம் பசங்கள் எல்லாரும். கடைசியில் மூலையில் என் பாஸ்போர்ட் சைஸ் படம்.

ஓனர் எட்டிப் பார்த்து, "தலைவர் போட்டோ எங்கம்மா?" என்று கேட்டார். இடம் இல்லை சார் என்றேன்.

எனக்குத் தேசிய முகாம் வந்தபோது இந்த ஊரில் ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. அந்தக் குறை சோமுவுக்கு வரக் கூடாது. அதற்காகத்தான் செய்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. பசங்கள் குஷியாக வாங்கிக்கொண்டு போய் சிக்னல் பக்கத்தில் கட்டிவிட்டார்கள்.

ஜூலை 19

தலைவர் காரில் போகும்போது சிக்னலில் பேனரைப் பார்த்திருக்கிறார். பச்சை விழுந்தும் கார் நகரவில்லையாம், பின்னால் ஒரே ஹாரனாம்.

கிளப்புக்கு வந்தபோது அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"பன்னெண்டு வருசமா இந்தக் கிளப்ப நடத்துறேன். நேத்து சேர்ந்தவன் மூஞ்சி கீது, என் மூஞ்சி இல்ல. சரி, அது போவட்டும். ஜெர்சியே மாட்டிக்கினானே! அப்ப கையெழுத்தும் போட்டுட்டான்னுதான அர்த்தம்? ஞாயித்துக்கெழம எனக்கு எதுக்குடா மேளம்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "வினோ, யார் சொல்லி இப்படிப் போட்ட?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சோமு முன்னால் வந்து நின்றான். "நான் சொன்னேன் சார். நான்தான் வினோகிட்ட போடச் சொன்னேன். அவ மேல கோவம் வேணாம்."

தலைவர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "என் போட்டோ வேணாம்னும் நீதான் சொன்னியா?"

சோமுவுக்குக் கேள்வி பாதிதான் புரிந்திருக்கும். "ஆமா சார். எல்லாம் நான்" என்றான்.

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். சோமு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டு நாளில் கோபம் ஆறிவிடும், அப்பா மாதிரி மனுஷன் என்றான். நான் தண்ணீர் கேன் நிரப்பப் போனேன்.

ஜூலை 22

மேளம் இல்லை. மாலை இல்லை. சோமு சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளப் வாசலில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான்.

ஜூலை 29

முழங்கால்: வீக்கம். ஐஸ் வைத்தேன்.

தலைவர் கால்பந்து சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரனைக் கோவா கிளப் கள்ளத்தனமாக இழுத்துக்கொண்டதாம். சாட்சிக்குப் பேனரின் போட்டோ. கோவாக்காரர்களோ, நாங்கள் இன்னும் ஒரு காகிதத்திலும் கையெழுத்து வாங்கவில்லை, பிரச்சினை தீர்ந்தால் வரட்டும், தீராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

லாரன்ஸ் சார் என்னிடம், "படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா" என்றார். எனக்குக் காதில் விழவில்லை சார் என்றேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7

விசாரணை. சோமு பேசுகிற வேக இங்கிலீஷ் கமிட்டிக்குப் பிடிபடாது, தலைவருக்கு இங்கிலீஷே வராது. அதனால் லாரன்ஸ் சார் என்னைத் துணைக்கு அனுப்பினார். சோமு சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

மேஜை மேல் பேனரின் போட்டோ. நடுவில் இருந்த பெரியவர் விரலால் தட்டி, "இந்த ஜெர்சி எப்படி வந்துச்சு?" என்றார்.

கம்ப்யூட்டரில் செய்தது, நான் அதைத் தொட்டதுகூட இல்லை என்றான் சோமு. சொன்னேன்.

"யார் வெக்கச் சொன்னது?"

நானே கேட்டு வைத்துக்கொண்டது என்றான். சொன்னேன்.

"யார் செஞ்சு குடுத்தது?"

சோமு என் பக்கம் திரும்பவே இல்லை. ஏதோ ஒரு கடை என்றான். "ஏதோ ஒரு கடையாம் சார்" என்றேன்.

அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை. மொழிபெயர்க்கப் போனவள் சொந்தமாக வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் முறை. கடமையைச் சரியாகத்தான் செய்தேன்.

பெரியவர் பேனாவை மூடினார். "அவனே கேட்டு வெச்சேன்னு ஒத்துக்கறான். அப்ப அந்தக் கிளப்போட பேச்சு முடிஞ்சிருக்குன்னுதானே ஆகுது?" என்றார். பேசின் பாய்ஸ் புகாரைத் திரும்ப வாங்கினால் ஒழிய மாற்றம் கிடையாது. இல்லையென்றால் முழு விசாரணை, அது ஆகஸ்ட் தாண்டித்தான் முடியும்.

வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். சோமு டம்ளரைச் சாய்த்துச் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டான். டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன். "தேங்க்ஸ் பிரதர்" என்றான். காசு கொடுக்க நான் கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16

சோமு ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வருகிற வழியில் கிளப் ரூமுக்கே போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டாள். நெத்திலி வறுவல், ரசம். தட்டில் கோடு போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? தலைவர் போன் எடுக்கல. மூணு வாட்டி வீட்டுக்குப் போனேன். கேட் தொறக்கல." அப்புறம் அழுதுவிட்டான். ஆறடி ஆள், எங்கள் வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அம்மா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அவன் போனதும் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "ஏண்டி, அந்தப் பேனர் செஞ்சது நீதானே?"

"ஆமா."

"அவனா கேட்டான்?"

நான் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தேன். அம்மா குழாயை மூடினாள். "போய் அந்த மனுசன் கால்ல விழுடி. நாளைக்கே போ."

ஆகஸ்ட் 17

கடையில் அவசர வேலை. போக முடியவில்லை.

ஆகஸ்ட் 20

மழை.

ஆகஸ்ட் 25

முழங்கால்: காசிமேடு வரை போனதில் வலி.

தலைவரைப் பார்க்க ஐஸ் பேக்டரிக்குப் போனேன். ஒரே சத்தம், ஒரே குளிர். பெரிய பெரிய ஐஸ் பாளங்களைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போய் டீ வரவழைத்தார். தலையில் டை வெளுத்து வேரில் நரை தெரிந்தது.

"அவன விட்டுடுங்க சார்" என்றேன்.

"நான் எங்கம்மா புடிச்சு வெச்சேன்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பேனரு வெச்சது அவன். என் மூஞ்சி வேணாம்னு சொன்னது அவன். ரெண்டு வருசம் என் வூட்டுப் பொங்கல் சாப்ட்டவன் வினோ. எனக்கு ராத்திரில தூக்கம் வரலம்மா." டீ டம்ளரை என் பக்கம் தள்ளினார். "நெசமாவே அவன்தான் வேணாம்னானா?"

இதைத்தானே சொல்ல வந்தேன்! இல்லை சார், நான்தான் என்று சொன்னால் முடிந்தது. டீயில் ஆடை கட்டும் வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க போட்டோ எனக்குக் கெடைக்கவே இல்ல சார். போன் ரிப்பேர்ல இருந்துச்சு."

அவர் தன் போனை எடுத்தார். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நிறுத்தினார். போனை என் பக்கம் திருப்பி மேஜை மேல் வைத்தார். வெள்ளைச் சட்டைப் படம். அதன் கீழே இரண்டு நீல டிக்.

வெளியே ஐஸ் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

"உசுரா இருக்கற புள்ளைய விட மனசு வராதும்மா" என்றார் கடைசியில். "எனக்கும்தான் வரல. இல்லன்னா ஒரு போட்டோவுக்காகவா இத்தினி தூரம் போவேன்? பேனரு எனக்கும் ஒரு சாக்காப் பூடுச்சு. சரி, நீ போ. பாத்துப் போ, தரையெல்லாம் தண்ணி."

அவர் என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகஸ்ட் 28

தலைவர் புகாரைத் திரும்ப வாங்கிவிட்டார். ரிலீஸ் லெட்டரைத் தானே கொண்டுவந்து சோமு கையில் கொடுத்தார். ஏன் மனசு மாறினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை. சோமு அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். பசங்கள் விசில் அடித்தார்கள்.

லாரன்ஸ் சார் கோவாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார், எல்லாரும் கேட்கட்டும் என்று.

நேற்று சாயங்காலம் ஒரு கானாக்காரனோடு கையெழுத்து முடிந்துவிட்டதாம். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடம் நிரம்பிவிட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம், வெரி சாரி என்றார் அந்தத் தொப்பிக்காரர்.

நேற்று. பதினேழாம் தேதி போயிருந்தால், இருபதாம் தேதி போயிருந்தால். மழை என்று எழுதியிருக்கிறேன். மழைக்குக் குடை இல்லையா என் வீட்டில்?

சோமு லெட்டரை மடித்துப் பையில் வைத்தான். "பரவால்ல சார். பரவால்ல. நீ அழாத சார்" என்று தலைவரின் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

ஆகஸ்ட் 31

பதிவு முடிந்தது.

செப்டம்பர் 12

சோமுவின் விசா இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னொரு வருடம் எடுத்துத் தருகிறேன், இங்கேயே ஆடு என்று தலைவர் கெஞ்சிப் பார்த்தார். சோமு வேண்டாம் என்றுவிட்டான். "மம்மி எல்லார்கிட்டயும் கோவான்னு சொல்லிட்டாங்க சார். நான் நேர்ல போய் சொல்லணும்" என்றான். ஆபாவில் மாமாவின் துணிக்கடையில் வேலை இருக்கிறதாம். ஆட்டம் பற்றி அவனும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சாயங்காலம் என்னிடம் வந்து, "அந்தப் பேனர் எங்க வினோ?" என்றான்.

பசங்கள் அதைச் சாமான் ரூம் கூரை ஒழுகுகிறது என்று மேலே கட்டியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"மம்மிக்கு. நான் அந்த ஜெர்சி போட்டு நிக்கிறது அவங்க பாக்கணும். வேற போட்டோ இல்லியே."

ஏணி போட்டு இறக்கினோம். ஒரு மாத மழையும் காக்கை எச்சமும் அதன்மேல் இருந்தது. வீட்டுக்கு எடுத்துவந்து மொட்டைமாடியில் விரித்து, சோப்புப் போட்டு பிரஷால் தேய்த்தேன். அவன் முகம், கழுத்து, நான் ஒட்டிய ஜெர்சி. அழுதுகொண்டே தேய்த்தேன். அவன் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று இந்த நோட்டில் ஒரு இடத்திலும் எழுதவில்லை. இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது?

செப்டம்பர் 16

முழங்கால்: வலி இல்லை.

மத்தியானம் ஏர்போர்ட். தலைவர் கார் அனுப்பியிருந்தார், அவர் வரவில்லை. அம்மா ஒரு டப்பா நிறைய புளிக்காய்ச்சல் கட்டிக் கொடுத்தாள். சூட்கேஸ் மூட மாட்டேன் என்றது, எடையும் அதிகம். சோமு தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். பேனரை எடுத்துவிடு, போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றேன்.

"நோ நோ. அது சுவத்துல பெருசா இருக்கணும்" என்றான். கடைசியில் பூட்ஸை எடுத்து என் கையில் கொடுத்தான். இரண்டு ஜோடியையும். "இது வேணாம் இப்போ."

பேனருக்கு இடம் வேண்டும் என்று பூட்ஸை விட்டுவிட்டுப் போகிறான். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது.

"சோமு, அந்தப் பேனர்..."

"தெரியும் பா" என்றான். பூட்ஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "நீ ஆசையா செஞ்ச. எல்லாரும் பேனர் பேனர்னு உன்ன மனசுல திட்டறாங்கன்னு எனக்குத் தெரியும். நான் திட்ட மாட்டேன். இந்த ஊர்ல எனக்குப் பேனர் வெச்ச ஒரே ஆள் நீ." என் தலையைப் பிடித்து ஆட்டினான். "முழங்கால் பாத்துக்கோ பிரதர். ஓடணும், சரியா?"

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. அம்மா என் கையிலிருந்து ஒரு ஜோடி பூட்ஸை வாங்கிக்கொண்டாள். காரில் வீடு வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் 4

முழங்கால்: பிசியோதெரபிஸ்ட் இனி ஓடலாம் என்கிறார். இந்த நோட்டு இனித் தேவையில்லையாம்.

சோமு ஆபாவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். அவன் அம்மாவின் தையல் கடை, வீடும் அதுவேதான். பின்சுவர் முழுக்கப் பேனர். அதற்கு முன்னால் அந்த அம்மா, கழுத்தில் அளவு டேப்போடு, மகனின் பெரிய முகத்தின் கீழே நிமிர்ந்து நிற்கிறாள். துணி தைக்க வருகிறவர்கள் எல்லாரும் கோவாவைப் பற்றிக் கேட்கிறார்களாம். இவள் எல்லாருக்கும் சொல்கிறாளாம்.

கூடவே அந்த அம்மாவின் குரலில் ஒரு மெசேஜ். இதைச் செய்த பெண்ணை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும் என்கிறாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்கிறாள். எங்கள் ஊரிலும் பேனர் வைத்தால் சேர்மன் படம்தான் பெரிதாக இருக்கும், என் பிள்ளையை இரண்டு வருடம் பார்த்துக்கொண்ட சேர்மன் இதில் யார், தினமும் அவருக்காக ஜெபம் செய்கிறேன், முகத்தைக் காட்டினால் நன்றாக இருக்கும் என்கிறாள். கீழே சோமு எழுதியிருக்கிறான்: 'நானும் இப்பதான் பாக்கறேன் வினோ. தலைவர் ஏன் இல்ல? மம்மிக்கு என்ன சொல்றது?'

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ் வரிசையில் பசங்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மூலையில் நான். எனக்கும் கடைசிப் பையனுக்கும் நடுவில் வெறும் நீலம். ஒரு ஆளின் முகம் தாராளமாக உட்காரும். வெள்ளைச் சட்டையோடு, கட்டிய கையோடு உட்காரும். சோமு தினமும் அந்தச் சுவருக்கு எதிரில்தான் சாப்பிடுவான், தூங்குவான்.

'இடம் இல்லாமப் போச்சுன்னு மம்மிகிட்ட சொல்லு' என்று டைப் செய்தேன். அழித்தேன். மறுபடியும் அதையே டைப் செய்து அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் உடனே நீலமாயிற்று. மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை.